வீட்டு பிரெட்: எந்த அடுப்பு, எந்த மாவு, எந்த நேரம்?

பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் வாரத்துக்கு நான்கு நாள் சாண்ட்விச் போகிற வீடுகள் இப்போது நாகர்கோவில் பக்கம் நிறைய இருக்கின்றன. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. பிரெட்டை வீட்டிலேயே சுடலாமா? சுடுவதென்றால் ஓடிஜி என்ற மின்சார ‘அவன்’ (oven) வாங்குவதா, பிரெட் மெஷின் வாங்குவதா, இருக்கிற குக்கரே போதுமா?

கேட்கிறவர்கள் எல்லோரும் கருவியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் கருவியை மூன்றாவதாகத்தான் வைப்பேன். முதலில் பார்க்க வேண்டியது நேரம். நம் ஊர் வெப்பத்தில் மாவு எவ்வளவு வேகமாகப் பொங்குகிறது, அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வீட்டில் யாருக்கு எப்போது கை ஒழியும் என்பதை முடிவு செய்ய வேண்டும். அடுத்தது மாவு. இவை இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் பழைய அலுமினியப் பாத்திரத்தில்கூட நல்ல ரொட்டி எடுக்கலாம். இவை அமையாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அவனும் உதவாது.

முதலில், சுடத்தான் வேண்டுமா?

குமரி மாவட்டத்தில் பேக்கரிக்குப் பஞ்சமே கிடையாது. மார்த்தாண்டம், தக்கலை, திங்கள்சந்தை, கருங்கல் என்று எந்தச் சந்திப்பில் இறங்கினாலும் நான்கு எட்டு வைப்பதற்குள் ஒரு பேக்கரி வந்துவிடும். காய்ச்சல் நேரத்துக்கும் எப்போதாவது வரும் விருந்தாளிக்கும் மட்டும் பிரெட் வாங்குகிற வீடு என்றால் தயங்காமல் கடையிலேயே வாங்குங்கள். மாதம் ஒருமுறை சுடுவதற்காக ஒரு கருவி வாங்கி அடுக்களையில் இடத்தை அடைத்து வைப்பதில் அர்த்தமே இல்லை.

பணம் மிச்சமாகும் என்று நினைத்தும் இறங்க வேண்டாம். மைதா, பால், எண்ணெய், ஈஸ்ட், கரண்ட் எல்லாம் சேர்த்தால் கடை விலையோடு பெரிய வித்தியாசம் வராது. உங்கள் உழைப்பைக் கணக்கில் சேர்த்தால் கடைதான் மலிவு.

அப்படியானால் எதற்காகச் சுடுவது? உள்ளே என்ன போகிறது என்பது நம் கையில் இருக்கும் என்பதற்காக. 2016 மே மாதம் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 பிரெட், பன் வகைகளைச் சோதித்தது. அவற்றில் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்ததாக அறிவித்தது. மாவுக்கு வலு ஏற்றுவதற்காகச் சேர்ப்பவை இவை. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆகவே இன்றைக்குக் கடை பிரெட்டைப் பார்த்துப் பயப்படச் சொல்லவில்லை. பாக்கெட்டில் 282 என்ற எண் இருந்தால் அது கால்சியம் புரோப்பியோனேட், பூஞ்சைக்கு எதிராகச் சேர்க்கும் அனுமதி பெற்ற பொருள். ‘பிரவுன் பிரெட்’ என்று எழுதியிருந்தால் மட்டும் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பொருட்கள் அளவின்படி இறங்குவரிசையில் இருக்கும். முதலில் மைதாவும் கடைசியில் கேரமல் நிறமும் இருந்தால், கோதுமை மாவு என்று நினைத்து நீங்கள் வாங்குவது பெரும்பாலும் நிறம் ஏற்றிய மைதா. தினமும் பிள்ளைக்குக் கொடுக்கிற பொருள் என்னும்போது இந்தக் கேள்வி முக்கியமாகிறது. எனவே வாரத்துக்கு இரண்டு ரொட்டியாவது தீர்கிற வீடு என்றால் சுடுங்கள். அதற்குக் குறைவு என்றால் வேண்டாம்.

நேரம்: இங்கேதான் எல்லாம் முடிவாகிறது

நாம் பார்த்துச் செய்யும் பிரெட் குறிப்புகளில் பாதி குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. ‘வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம் வைக்கவும்’ என்று இருக்கும். நம் அடுக்களையில் பகலில் முப்பது டிகிரியைத் தாண்டி நிற்கிறது. இங்கே அதே குறிப்பின்படி செய்தால் மாவு முக்கால் மணி நேரத்தில் இரண்டு மடங்காகி, ஒன்றரை மணி நேரத்தில் பொங்கித் தளர்ந்து புளிப்பு வாடை அடிக்கும். அவனுக்குள் போனதும் நடுவில் குழி விழும். ஈஸ்ட் சரியில்லை, மாவு சரியில்லை என்று பழி எதன்மேலோ விழுகிறது. பெரும்பாலும் அளவுக்கு மீறிப் பொங்கவிட்டதுதான் காரணம்.

ஆப்ப மாவு கலக்கிப் பழகிய கைகளுக்கு இது புதிதல்ல. கோடையில் மாவு எத்தனை மணிக்குப் பொங்கும், ஆடிச் சாரலில் எத்தனை மணிக்கு என்று நம் வீட்டுப் பெண்களுக்கு மனக்கணக்கு உண்டு. அதே கண்ணோடு பிரெட் மாவையும் பார்த்தால் போதும், கடிகாரம் தேவைப்படாது. மாவில் விரல் நுனியை மெதுவாக அழுத்துங்கள். குழி உடனே மேலே எழும்பினால் இன்னும் பொங்க வேண்டும். மெல்ல மெல்லப் பாதியளவு எழும்பி நின்றால் சரியான பதம். எழும்பாமலே கிடந்தால் நேரம் கடந்துவிட்டது, உடனே அவனில் வைத்துவிட வேண்டும்.

சரி, இதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன?

ஒன்று, ஒரே மூச்சில் முடிப்பது. மாலை ஐந்து மணிக்குப் பிசைந்தால் ஆறு மணிக்கு முதல் பொங்கல் முடியும். உருட்டி டின்னில் வைத்தால் ஏழு மணிக்குள் இரண்டாவது பொங்கலும் முடியும். எட்டு மணிக்குள் ரொட்டி வெளியே வந்துவிடும். அவசரத்துக்கு இது நல்ல வழிதான், ஆனால் அந்த மூன்று மணி நேரமும் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். ருசியும் கொஞ்சம் தட்டையாக இருக்கும். பொங்கல் மெதுவாக நடந்தால்தான் மாவில் மணம் ஏறும்.

இன்னொன்று, ஃப்ரிட்ஜைத் துணைக்கு எடுப்பது. நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான். குளிர்ந்த தண்ணீரில் பிசைந்து, ஈஸ்டைப் பாதியாகக் குறைத்து, அரைமணி நேரம் வெளியே வைத்து, பிறகு எண்ணெய் தடவிய மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டியதுதான். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் அது தன் போக்கில் மெதுவாகப் பொங்கும். வெளியே 32 டிகிரி இருந்தால் என்ன, உள்ளே எப்போதும் நான்கைந்து டிகிரிதான். நம் ஊர்க் கோடையின் பிடியிலிருந்து மாவைக் காப்பாற்ற இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இதில் பலர் தப்பாக எடுக்கும் முடிவு ஒன்று உண்டு. இரவில் மாவை ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் எழுந்து சுட்டு, அதையே பள்ளிக்கூடத்துக்குக் கட்டிவிடலாம் என்று திட்டம் போடுவார்கள். நடக்காது. குளிர்ந்த மாவை ஐந்து மணிக்கு உருட்டி வைத்தால் அது டின்னில் மேலே வர ஒன்றரை மணி நேரம் ஆகும். சுட்டு எடுக்கையில் ஏழே கால். ஆறுவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். அதற்குள் பள்ளி பஸ் போயிருக்கும். சூட்டோடு அறுத்தால் உள்ளே களிபோல் ஒட்டும்.

ஆகவே நாளைய பாக்ஸுக்கான ரொட்டி இன்று மாலையே வெந்தாக வேண்டும். காலையில் தேங்காய் துருவி, சட்னி அரைத்து முடிக்கிற நேரத்தில் மாவையும் பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள். மாலை ஐந்தரைக்கு வந்து எடுத்து உருட்டினால், ஏழு மணிக்கு அவனில் ஏறும். எட்டு மணிக்குள் வெளியே வந்து, படுக்கப் போகும் முன் ஆறிவிடும். அறுப்பது காலையில். வேலைக்குப் போகும் வீடுகளில் தொடர்ந்து கடைப்பிடிக்கக்கூடிய ஒழுங்கு இதுதான்.

மூன்றாவது, மாவைக் கொஞ்சம் காய்ச்சிச் சேர்க்கும் முறை. கிழக்காசிய நாடுகளில் இது மிகப் பிரபலம். மொத்த மாவிலிருந்து 20 கிராம் எடுத்து, 100 மில்லி தண்ணீரிலோ பாலிலோ கரைத்து, அடுப்பில் கிளறினால் 65 டிகிரி அளவில் கூழாக இறுகும். ஆறியபின் மற்ற மாவோடு சேர்த்துப் பிசைய வேண்டும். அந்தக் கூழ் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரொட்டி இரண்டு நாள் கூடுதலாக மெத்தென்று இருக்கும். நேரம் பெரிதாகக் கூடாது, ஒரு பாத்திரம் கூடுதலாகக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். ரொட்டி தீர மூன்று நாளாகும் வீடுகளுக்கு இது நல்லது. சுட்ட மறுநாளே தீர்கிற வீட்டுக்குத் தேவையில்லை.

பிசையாமலே செய்யும் முறையைப் பற்றியும் கேட்பார்கள். நியூயார்க் பேக்கரான ஜிம் லாஹியின் வழியாக 2006-இல் உலகமெல்லாம் பரவிய முறை அது. அதில் வருவது தடித்த மொறுமொறு தோலும் பெரிய ஓட்டைகளும் உள்ள ரொட்டி. சூப்போடு பிய்த்துத் தின்ன அருமை. சாண்ட்விச்சுக்கு உதவாது. சட்னி ஓட்டை வழியாக ஒழுகும்.

மாவு

மைதா மட்டும், கோதுமை மாவு மட்டும், இரண்டும் கலந்தது என மூன்று வழி.

மைதாவில் முதல் முறையே ரொட்டி நன்றாக வரும். மெத்தென்று இருக்கும், உயரமாக எழும்பும், பிசையவும் சுலபம். பரோட்டாவுக்குப் பிசைந்து பழகியவர்களுக்கு அந்த இழுவை கையிலேயே தெரியும். 400 கிராம் மைதாவுக்கு 250 மில்லி அளவில் தண்ணீரோ பாலோ போதும்.

முழுக் கோதுமை மாவு வேறு விஷயம். அதிலும் புரதம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் தவிடு பசைத்தன்மையின் (குளூட்டன்) இழைகளை அறுத்துக்கொண்டே இருப்பதால் மாவு உயராது. கல்லில் அரைபட்ட மாவு தண்ணீரையும் கூடுதலாகக் குடிக்கும். 400 கிராமுக்கு 300 மில்லி கேட்கும். மைதாவின் கணக்கில் தண்ணீர் விட்டுப் பிசைந்துவிட்டு ரொட்டி செங்கல்லாக வந்தது என்று வருத்தப்படுகிறவர்கள் அதிகம். தண்ணீர் விட்டுக் கலந்து அரைமணி நேரம் சும்மா மூடி வைத்துவிட்டுப் பிறகு பிசைந்தால் பாதிக் கஷ்டம் தீரும். தவிடு ஊறி இளகிவிடும். அப்படிச் செய்தாலும் கடை பிரெட்டின் மெதுமை வராது. அடர்த்தியான, சப்பாத்தி மணமுள்ள ரொட்டிதான் வரும். பெரியவர்கள் விரும்பிச் சாப்பிடுவார்கள். பிள்ளைகள் பாதியைத் திரும்பக் கொண்டுவருவார்கள்.

மில்லில் கோதுமை திரித்து வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு முன்னால் அரிசியோ உளுந்தோ திரித்திருந்தால் அந்த மாவு கொஞ்சம் உங்கள் மாவோடு கலந்து வரும். சப்பாத்திக்கு அது தெரியாது, ரொட்டிக்குத் தெரியும். அரிசிக்குப் பசைத்தன்மை இல்லாததால் மாவு கிழிந்து கிழிந்து போகும். கோதுமை திரிக்கிறவர் ஒருவருக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள். நைஸாகத் திரிக்கச் சொல்லுங்கள்.

என் தேர்வு கலவைதான். மூன்றில் இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு கோதுமை மாவு. கிராமில் சொன்னால் மைதா 270, கோதுமை மாவு 130. இதற்குக் காய்ச்சி ஆறவைத்த பாலும் தண்ணீருமாக 270 மில்லி, உப்பு 8 கிராம், சீனி 20 கிராம், எண்ணெய் 20 கிராம். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரே மூச்சில் சுடுவதற்கு 4 கிராம், ஃப்ரிட்ஜ் முறைக்கு 2 கிராம். இது 9 அங்குல நீளம், 5 அங்குல அகலமுள்ள ஒரு டின்னுக்கான அளவு. பிள்ளைகள் பழகிய பிறகு கோதுமை மாவைப் பாதிவரை ஏற்றலாம். பாலைக் காய்ச்சித்தான் விட வேண்டும். காய்ச்சாத பாலிலுள்ள சில புரதங்கள் மாவை இளக்கிவிடும். ஆடி மழையில் மாவே ஈரம் குடித்திருக்கும், அப்போது பாலிலோ தண்ணீரிலோ ஒன்றிரண்டு கரண்டி குறைத்து விடுங்கள்.

எண்ணெய் என்றால் நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தாராளமாகச் சேர்க்கலாம். மணம் லேசாகத்தான் தெரியும். பாலுக்குப் பதில் பாதி தேங்காய்ப்பால் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும், அப்போது எண்ணெயைப் பாதியாக்கிவிடுங்கள். இந்த ரொட்டியில் மட்டி வாழைப்பழத்தை வட்டமாக அரிந்து வைத்து, மார்த்தாண்டம் தேன் இரண்டு சொட்டு விட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

கையால் பிசைய பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். தோள் வலிக்காரர்களுக்கு ஒரு யோசனை. பல டேபிள்டாப் கிரைண்டர்களோடு சப்பாத்தி மாவு பிசையும் ஒரு துண்டு வரும். பெரும்பாலான வீடுகளில் அது அட்டைப்பெட்டிக்குள்ளேயே தூங்குகிறது. இந்த அளவு மாவை அது தாங்கும். தனியாகப் பிசையும் மெஷின் வாங்குவதற்கு முன் அதை வெளியே எடுத்துப் பாருங்கள்.

கருவி

இப்போது கருவிக்கு வரலாம்.

பிரெட் மெஷினில் பொருட்களைப் போட்டு மூடினால், மூன்று நான்கு மணி நேரத்தில் பிசைந்து, பொங்கவைத்து, சுட்டும் தந்துவிடும். கரண்ட் அரை யூனிட்டுக்குள்ளேயே முடியும். கைவலிக்காரர்களுக்கும், வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டுக்கும் இதை மனதாரப் பரிந்துரைப்பேன். ஆனால் நம் ஊருக்கு இரண்டு சிக்கல் இருக்கிறது. இரவில் டைமர் வைத்து அதிகாலையில் சுட வைக்கும் வசதிதான் இதன் பெரிய கவர்ச்சி. நம் இரவு வெப்பத்தில் பால் அத்தனை மணி நேரம் வெளியே நின்றால் கெட்டுவிடும். பால்பொடிதான் போட வேண்டும், ஈஸ்டும் தண்ணீரில் படாமல் மாவின்மேல் இருக்க வேண்டும். இரண்டாவது, ஆனி ஆடிக் காற்றில் நடுவில் கரண்ட் போய்விட்டால், பல மெஷின்கள் சில நிமிடங்கள்வரைதான் விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கும். அதற்குமேல் போனால் மாவு அரைகுறையாக நிற்கும். ரொட்டியின் அடியில் பிசையும் துடுப்பு விட்ட ஓட்டையும் இருக்கும், நடுவிலுள்ள இரண்டு ஸ்லைஸ் வீண். இதில் ரொட்டியைத் தவிர வேறெதற்கும் பெரிதாகப் பயன் கிடையாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓடிஜி அப்படியல்ல. கேக், பன், கிரில் மீன் எல்லாவற்றுக்கும் ஆகும். ஒரு டின் ரொட்டிக்கு 25 முதல் 30 லிட்டர் அளவு தாராளம். 15 லிட்டர் வாங்கவே வேண்டாம். ரொட்டி மேலே எழும்பும்போது கம்பிக்குப் பக்கத்தில் போய் மேல்தோல் கருகிவிடும். கீழ்த்தட்டில் வைத்து, மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, 190 டிகிரியில் 35 நிமிடம். பாதியில் மேலே நிறம் ஏறிவிட்டால் அலுமினிய ஃபாயிலைத் தளர்வாக மூடுங்கள். சூடேற்றும் நேரமும் சேர்த்து ஒரு யூனிட்டைச் சுற்றி ஆகும். சின்ன ஓடிஜிகளின் குமிழ் சொல்லும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம். இருபது டிகிரி கூடக் குறைய இருக்கும். அவனுக்குள் வைக்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினால் பல ரொட்டிகள் தப்பும்.

வீட்டில் ஏற்கெனவே கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் இருந்தால் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். கன்வெக்‌ஷன் முறையில் 180 டிகிரிக்குச் சூடேற்றி, உயரம் குறைந்த ஸ்டாண்டில் டின்னை வைத்துச் சுடலாம். விசிறிக் காற்றால் மேல்தோல் சீக்கிரம் காயும் என்பதால் கடைசிப் பத்து நிமிடம் மூடிச் சுடுங்கள். வெறும் மைக்ரோவேவ் முறையில் மட்டும் ரொட்டி வேகாது, ரப்பராகும்.

அடுத்தது அடுப்பு முறை. குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பு பரப்பி, டின்னை உள்ளே வைத்துச் சுடுவதைப் பலர் செய்கிறார்கள். ரொட்டி வேகும், உண்மைதான். ஆனால் சமையலுக்கு வைத்திருக்கும் குக்கரில் செய்யாதீர்கள். தண்ணீர் இல்லாமல் முக்கால் மணி நேரம் சூடேறும்போது அடிப்பகுதி வளையும். பாதுகாப்பு வால்வில் இருக்கும் உலோகம் அதிக சூட்டில் உருகுவதற்கென்றே வைத்தது. அந்தக் குக்கரை மறுநாள் பருப்புக்கு வைப்பது ஆபத்து.

அதற்குப் பதில் பழைய, கனமான அலுமினியச் சட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். கருங்கல் பக்கத்தில் என் மைனி (அண்ணி) வீட்டில் அப்படி ஒரு சட்டி இருக்கிறது. அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் சலித்த மணல், அதன்மேல் ஒரு இரும்பு வளையம், வளையத்தின்மேல் டின். பத்துப் பதினைந்து நிமிடம் மூடிச் சூடேற்றிய பிறகுதான் டின் உள்ளே போகும். பிறகு தீயைக் குறைத்து நாற்பது நிமிடம். மைனி மூடியின் ஓரத்தில் கையைக் காட்டியே உள்சூட்டைச் சொல்லிவிடுவார். இதிலுள்ள குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சூடு அடியிலிருந்து மட்டுமே வருவதால் ரொட்டி மேலே வெளுத்து நிற்கும். அதற்கு மைனி வைத்திருப்பது பழைய வைத்தியம். கொல்லையில் சிரட்டையை (கொட்டாங்குச்சியை) எரித்துக் கங்காக்கி, கடைசிப் பத்து நிமிடம் மூடியின்மேல் பரப்பிவிடுவார். முன்காலத்தில் கிறிஸ்துமஸ் கேக் இப்படித்தான் வெந்தது. மேல்தோல் பொன்னிறமாக வரும், லேசான புகை மணமும் இருக்கும். “எடுத்தாச்சு, வெட்டட்டுமா மைனி?” என்றால், “ஒரு மணிக்கூர் பொறு பிள்ளே, சூட்டோட வெட்டுனா ஒட்டும்” என்பார். மாடி வீட்டில் கங்குக்கு வழியில்லை. அங்கே ரொட்டியை எடுத்து, தலைகீழாகத் தோசைக்கல்லில் இரண்டு நிமிடம் வாட்டினால் போதும்.

இந்த முறையைப் பழையது என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்துவிட்டுப் போனபின் இந்த மாவட்டத்தில் எத்தனையோ ஊர்கள் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன. ஓடிஜி வாங்கினாலும் சட்டியில் சுடவும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வைத்துச் சாப்பிடுவது

வீட்டு ரொட்டியில் பதப்படுத்தும் பொருள் கிடையாது. கடலோர ஈரக்காற்றில் மழைக்காலத்தில் மூன்றாம் நாளே பச்சைப் பூஞ்சை எட்டிப் பார்க்கும். கோடையில் வேறொரு தொல்லை. மாவிலேயே இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் அவன் சூட்டிலும் சாகாமல், ரொட்டியின் உள்ளே வளரும். அறுத்தால் நூல் நூலாக இழுபடும், அழுகிய பழ வாடை வரும். அப்படி இருந்தால் மொத்தத்தையும் எறிந்துவிடுங்கள். பிசையும்போது ஒரு தேக்கரண்டி வினிகரோ இரண்டு கரண்டி புளித்த தயிரோ சேர்த்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்காது, ஆனால் ரொட்டி வெளியே இருப்பதைவிட வேகமாக விறைத்துப்போகும். ஆறியதும் அறுத்து, இரண்டு நாளுக்கானதை வெளியே டப்பாவில் வைத்து, மீதியை ஃப்ரீசரில் வைப்பதே சரி. உறைந்த ஸ்லைஸை நேரே தோசைக்கல்லில் போட்டால் புதிதுபோல் ஆகிவிடும். ஈஸ்ட் பாக்கெட்டையும் பிரித்தபின் காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து ஃப்ரீசரிலேயே வையுங்கள். வெளியே ஈரத்தில் இருந்தால் சீக்கிரம் வீரியம் போய்விடும்.

யாருக்கு எது

வீட்டில் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் இருந்தால் அதில் தொடங்குங்கள். ஒன்றும் இல்லை, தொடர்ந்து செய்வோமா என்றும் தெரியவில்லை என்றால், சட்டியில் மணல் போட்டு ஒரு மாதம் சுட்டுப் பாருங்கள். அந்த மாதத்தில் வாரம் இரண்டு ரொட்டி தவறாமல் சுட்டிருந்தால் 25 லிட்டருக்குக் குறையாத ஓடிஜி வாங்குங்கள், வீண் போகாது. பிசையக் கை ஒத்துழைக்காதவர்களும், டிரே தூக்கி வைக்க முடியாத பெரியவர்களும் பிரெட் மெஷினுக்குப் போகலாம். மாவு எந்தக் கருவிக்கும் அதே கலவைதான். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்து மாலையில் சுடுங்கள். பகலில் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே மூச்சு முறையும் சரிதான்.

எதை வாங்குவதானாலும் அதற்கு முன் இரண்டு பொருள் வாங்குங்கள். ஒன்று, கிராம் காட்டும் சமையலறைத் தராசு. கப்பால் அள்ளும்போது மாவு அழுந்தினால் ஒரு கப்புக்கு 20, 30 கிராம் கூடிவிடும், எல்லாக் கணக்கும் தவறிவிடும். இன்னொன்று, மேலே சொன்ன அளவில் ஒரு கனமான ரொட்டி டின். மெல்லிய தகர டின்னில் அடி கருகி நடு வேகாமல் நிற்கும். டின்னின் உள்ளே எண்ணெய் தடவி, மாவை நீளவாக்கில் இறுக்கிச் சுருட்டி, சுருட்டிய ஓரம் அடியில் வரும்படி வையுங்கள். டின்னின் விளிம்புக்கு மேல் ஒரு விரல் கனம் எழும்பியதும் அவனில் ஏற்றிவிடுங்கள். வெந்ததும் டின்னிலிருந்து கழற்றி, அடியில் விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளலான சத்தம் வந்தால் ரொட்டி வெந்துவிட்டது. மந்தமாகக் கேட்டால் டின் இல்லாமலே இன்னும் ஐந்து நிமிடம் உள்ளே வையுங்கள்.